கறுத்த ஒயில்

மாங்குளம் சந்தியில் செபநேசன் கடை.
லொறிக்கு ஊற்றுகிற டீசல் எஞ்சின் ஒயில்,
இருபது லீற்றர்க் கலன், முப்பத்தாறாயிரம்.
குகதாசன் என் முகத்தைப் பார்த்தான்.
உழவு மெசினை ஓட்டுவது அவன்.
கடன் என்னுடையது.

"பீப்பாயில உதிரி ஒயில் கிடக்கு அக்கா,
லீற்றர் தொளாயிரம்தான்."
பீப்பாயின் வாயில் ஈயொன்று ஒட்டிச் செத்திருந்தது.
என்ன ஒயில் எண்டு கேட்டேன்.
ஒயில் எண்டான்.

கொப்பியைத் திறந்தேன்.
போன காலபோகம் முழுக்க எழுதி வைத்தது.
எஞ்சின் குடிப்பது எட்டு லீற்றர்.
உதிரி ஒயில் நூறு மணித்தியாலத்தில்
கஞ்சித்தண்ணி மாதிரி இளகி விடும்:
மணித்தியாலத்துக்கு எழுபத்திரண்டு ரூபா.
கலன் ஒயில் இருநூற்றைம்பது மணித்தியாலம் தாங்கும்:
ஐம்பத்தெட்டுக்கும் கொஞ்சம் குறைய.
வித்தியாசம் பதினாலு ரூபா.

பதினாலு ரூபாய்க்கு இப்ப
ஒரு டொபி வாங்கலாம்.
செபநேசன் சிரித்தான்.
வருசத்துக்கு ஆயிரம் மணித்தியாலம்
சேற்றிலும் கிறவல் றோட்டிலும் ஓடுகிற மெசினுக்கு
அது லீசிங் தவணையில் கால்வாசி.
நான் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் குகதாசன்
ஆழம் பார்க்கும் கம்பியை இழுத்துக் கொண்டுவந்து
மூக்குக்கு முன்னால் நீட்டினான்.
"நல்ல ஒயில் எண்டியள், பாருங்கோ, கறுத்துப் போச்சு."

கறுக்கத்தானே ஊற்றினது.
எரிந்த டீசலின் கரியெல்லாம்
பிஸ்டனில் படிய விடாமல்
தானே சுமந்துகொண்டு சுற்றுகிறது அது.
கழற்றி விடும் நாளில்
அவ்வளவையும் கொண்டு வெளியே போகும்.
தேன் மாதிரித் தெளிந்து நிற்கிற ஒயிலைக் கண்டால்
கரியை எங்கே விட்டு வந்தாய் எண்டு
அதைத்தான் கேட்க வேணும்.

செவ்வாய்க்கிழமை.
பாண்டியன்குளத்துக்கு லீசிங் பெடியன் வருகிற நாள்.
விதுஷன், பச்சைச் சேட்டு,
இடுப்பில் பற்றுச்சீட்டு அடிக்கிற சின்ன மெசின்.
அவனுடைய நூறு சீசீ மோட்டச்சைக்கிள்
படலையடியில் தகர டப்பாவுக்குள் ஆணி குலுக்கிய சத்தத்தோடு
வந்து நின்றது. பிறகு எழும்பவில்லை.
கம்பியை இழுத்தேன். நுனிகூட ஈரமில்லை.
"கொம்பனி பெற்றோலுக்குக் காசு தரும் அக்கா,
ஒயிலுக்குத் தராது."

கலனைத் தூக்கி வந்தேன்.
பயந்து போனான். "இது லொறி ஒயிலெல்லே?"
தடைக்காலத்தில மண்ணெண்ணெயில
மோட்டச்சைக்கிள் ஓடின ஊர் தம்பி இது.
உன்ரை சைக்கிளுக்கு கிளச்சும் கியரும்
இந்த ஒரே ஒயிலுக்குள்ளதான் ஊறிக் கிடக்குது.
வழுக்கல் மருந்து கலந்த கார் ஒயில் எண்டால்
கிளச் பிடிக்காது.
இதில அது இல்லை, கலனை வாசிச்சுப் பார்.
கியர்ப்பல் சப்பினாலும் இது இலேசில நையாது.
கடையில மினுங்கிற போத்தல்
இரண்டாயிரத்து எழுநூறு.
இது ஆயிரத்து எண்ணூறு.

அந்தக் காசைத் தவணையில் கழிக்கச் சொன்னேன்.
இடுப்பு மெசினில் அப்படி ஒரு பொத்தான் இல்லையாம்.
சரி எண்டு கொப்பியில் புதுப் பக்கம் பிரித்தேன்:
விதுஷன், ஒயில் ஒரு லீற்றர், மூன்று தவணை.
அவன் என் எழுத்தை எட்டிப் பார்த்தபடி நின்றான்.
வட்டி போடவில்லை.
போடலாமா எண்டு யோசித்தது உண்மை.

அடுத்த செவ்வாய்.
முந்தியெண்டால் குளக்கட்டுத் திருப்பத்திலேயே
அந்தச் சைக்கிள் கத்துவது கேட்கும்.
காசில்லாத கிழமைகளில்
கதவைச் சாத்தி, செருப்பை உள்ளே எடுத்து,
நாயை வாழைக்குள் கலைத்து விட
எனக்கு நேரம் இருக்கும்.

இண்டைக்கு
நெல்லுக் காயப்போட்டுவிட்டு நிமிர்கிறேன்,
படலைக்குள் நிற்கிறான்.
ஒரு சத்தமும் இல்லை.
அறுநூறு ரூபாவை மடித்து நீட்டுகிறான்.
"சோக்கான ஒயில் அக்கா.
தவணை?"